ஆயிரம் வருஷத்துக் கொம்பு தோளேறும் ஊர்

இங்கிலாந்தின் நடுவாந்தரத்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் என்றொரு மாவட்டம். அதில் அபட்ஸ் பிராம்லி என்றொரு ஊர். ஒரு நீளத் தெரு, ஒரு பழைய தேவாலயம், கொஞ்சம் சாய்ந்தே நிற்கும் மரச்சட்ட வீடுகள், சில பப்புகள், சுற்றிலும் மாடு மேயும் வயல்கள். வருஷத்தில் 364 நாளும் அங்கே சத்தம் என்றால் டிராக்டர் சத்தமும் தேவாலய மணியும்தான். மிச்சமிருக்கிற அந்த ஒரு நாள் இருக்கிறதே, அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் போலிருக்கிறது!

சரி, கொம்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த ஊர் புனித நிக்கோலஸ் தேவாலயத்துச் சுவரில் ஆறு ஜோடிக் கொம்புகள் மாட்டியிருக்கும். மான் கொம்புதான், ஆனால் அந்த நாட்டு மான் இல்லை. ரெயின்டீர்! பனிநாட்டு மான்! மூன்று ஜோடிக்கு வெள்ளை வண்ணம், மூன்று ஜோடிக்குப் பழுப்பு. மிகக் கனமான ஜோடி 11 கிலோவுக்கு மேல் இருக்கும், விரிந்த அகலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். 1976ல் ஒரு கொம்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்துக் கரிமச் சோதனை செய்து பார்த்தார்கள். வந்த விடை என்ன தெரியுமா? 1065ஆம் ஆண்டு, முன்னே பின்னே 80 வருஷம். நார்மன்கள் படகேறி வந்து இங்கிலாந்தைப் பிடித்த காலத்தை ஒட்டி உயிரோடு ஓடித் திரிந்த ஒரு மானின் கொம்பு அது! அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ரெயின்டீரே கிடையாது, எப்போதோ அற்றுப்போய்விட்டது. அப்படியானால் இவை கடல் தாண்டி, அநேகமாக ஸ்காண்டிநேவியாவிலிருந்து, வந்திருக்க வேண்டும். யார் கொண்டுவந்தார்கள், எதற்காக, எந்தக் கப்பலில்? ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதே எவ்வளவு நன்றாக இருக்கிறது!

இந்த மாதிரிப் பொருள் வேறெங்கே கிடைத்திருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? கண்ணாடிப் பெட்டி, மங்கல் விளக்கு, தொடாதே என்று ஒரு பலகை, பக்கத்தில் ஒரு காவலாளி. அபட்ஸ் பிராம்லிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? வருஷம் ஒரு நாள் சுவரிலிருந்து கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் ஆடுகிறார்கள்! வெயிலோ மழையோ, காலையிலிருந்து இருட்டும் வரை, பண்ணை பண்ணையாக, ஏறக்குறைய பத்து மைல் நடந்து நடந்து ஆடுகிறார்கள். நான் அந்த ஊர் மேல் உயிரை விடுவது இதற்காகத்தான். பழசை அவர்கள் பத்திரப்படுத்தவில்லை, புழங்குகிறார்கள்.

நாள் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 4க்கு அப்புறம் வரும் முதல் ஞாயிறு, அதற்கு மறுநாள் திங்கள். ஆக, 6ஆம் தேதிக்கும் 12ஆம் தேதிக்கும் நடுவில் எப்படியும் விழுந்துவிடும். ‘வேக்ஸ் மண்டே’ என்பார்கள். ஏன் இந்த 4ஆம் தேதிக் கணக்கு என்று குடைந்தால் அதற்குள் ஒரு சுவாரசியம் இருக்கிறது. ஆகஸ்ட் 24 புனித பர்த்தலோமியு திருநாள். 1752ல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றி 11 நாளைத் தூக்கி எறிந்தது. 24ஓடு 11ஐக் கூட்டிப் பாருங்கள், கச்சிதமாகச் செப்டம்பர் 4! அரசாங்கம் காலண்டரை மாற்றினால் மாற்றிக்கொள்ளட்டும், எங்கள் திருவிழா அதே வெயிலில், அதே அறுவடை முடிந்த வயலில்தான் நடக்கும் என்று நின்ற ஜனங்கள் அவர்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். இந்த ஆட்டம் 1226ல் பர்த்தலோமியு சந்தையில் முதன்முதலாக ஆடியது என்பது அங்கே வழிவழியாக வரும் பேச்சு. எழுத்தில் வேண்டுமென்றால் ராபர்ட் பிளாட் 1686ல் எழுதிய ஸ்டாஃபர்ட்ஷயர் இயற்கை வரலாறு இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் முந்தைய காலத்தில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் ஆடியிருக்கிறார்கள், வசூலான காசில் தேவாலயத்தைச் செப்பனிட்டு ஏழைகளையும் பராமரித்திருக்கிறார்கள். கொம்புகளில் பேஜட், பேகட், வெல்ஸ் என்ற பெரிய குடும்பங்களின் சின்னங்கள் தீட்டியிருந்ததையும் பிளாட் குறித்துவைத்திருக்கிறார்.

இனிக் காலையைக் கேளுங்கள். இன்னும் எட்டு மணி ஆகவில்லை. புல்லெல்லாம் ஈரம், மூச்சு விட்டால் லேசாகப் புகை. தேவாலயத்துக்குள் பழைய மரமும் மெழுகும் ஈரக் கல்லும் கலந்த ஒரு மணம். சுவரிலிருந்து கொம்புகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டார்கள். பாதிரியார் ஆட்டக்காரர்களையும் கொம்புகளையும் ஆசீர்வதிக்கிறார். கூட்டம் அதிகமில்லை, பாதிப் பேர் ஊர்க்காரர்கள், சிலர் கையில் தேநீர்க் குவளை. பாதிரியார் பேசி முடித்ததும் அந்த ஆண்கள் குனிந்து கொம்பைத் தூக்கித் தோளில் சாய்க்கிறார்கள். என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கக்கூட இல்லை, நான் அங்கே கல்தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமே இல்லை எனக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு விலங்கின் தலையில் இருந்தது, என் கண்ணெதிரே காலை வெளிச்சத்துக்கு வெளியே போகிறது, சாதாரணமாகத் தூங்கி எழுந்து வந்த மனிதர்களின் தோளில்!

மொத்தம் பன்னிரண்டு பேர். கொம்பு தூக்குகிறவர்கள் ஆறு. கையில் கோலோடு துள்ளித் திரியும் கோமாளி ஒருவர். ‘மெய்ட் மேரியன்’ என்று பெண் வேஷம் கட்டிய ஆண் ஒருவர், கையில் காசு வாங்க ஓர் அகப்பை. வில்லும் அம்பும் பிடித்த ஒரு பையன். இசைக்கு இரண்டு பேர், ஒருவர் இழுத்து அமுக்கும் மெலோடியன் பெட்டி, இன்னொருவர் முக்கோண மணி. பன்னிரண்டாவது ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? குதிரை! இடுப்பைச் சுற்றித் துணி கட்டி, முன்னால் மரக் குதிரைத் தலையை நீட்டிக்கொண்டு வருகிறார் ஒருவர். தஞ்சாவூர்ப் பக்கம் திருவிழாவில் வளர்ந்தவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு கூச்சல் போடாமல் இருக்க முடியாது. அப்படியே நம் பொய்க்கால் குதிரை! கால்கட்டை மட்டும்தான் இல்லை. அந்தக் குதிரையின் வாயைத் திறந்து மூடலாம், ‘டக், டக்’ என்று தாளத்துக்குக் கடிக்கும். வில்காரப் பையனும் அம்பை இழுத்து இழுத்து விடுவான், அது வில்லில் பட்டு ‘டக்’ என்னும். மெலோடியன் இழைகிறது, முக்கோண மணி கிணுகிணுக்கிறது, அதற்கு நடுவே இந்த இரண்டு மரச் சத்தம். அந்தத் தாளம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

ஆட்டம் எப்படி என்றால், முதலில் வரிசை. ஒருவர் பின் ஒருவராக, அவசரமே இல்லாத ஒரு துள்ளு நடையில் வருகிறார்கள். முன்னால் போகிறவர் சட்டென்று வளைகிறார், வரிசை முழுக்க அவர் பின்னால் சுழல்கிறது, வட்டமாகிறது, வட்டத்துக்குள்ளேயே ஒரு முடிச்சு விழுந்து அவிழ்கிறது, யார் யாரைத் தாண்டினார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் மறுபடி வரிசை. அப்புறம் இரண்டாகப் பிரிகிறார்கள். எதிரும் புதிருமாக இரண்டு அணி. இங்கேதான், இங்கேதான் நீங்கள் கண்ணிமைக்கக் கூடாது! இரண்டு அணியும் ஒன்றையொன்று நோக்கி முன்னேறுகிறது. கொம்புகள் தாழ்கின்றன. நெருங்குகிறது, நெருங்குகிறது, இதோ மோதப்போகிறது என்று நான் மூச்சை இழுத்துப் பிடிக்கிறேன், பின்வாங்குகிறார்கள். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். கடைசியில் ஒருவரை ஒருவர் உரசாமல், அந்த அகலமான கொம்புகளையும் வைத்துக்கொண்டு, ஊடுருவிக் கடந்து மறுபக்கம் போய்விடுகிறார்கள். காட்டில் இரண்டு ஆண்மான்கள் முட்டிக்கொள்ள நின்று யோசித்து விலகுவதை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை, ஆனால் அன்றைக்குப் பார்த்துவிட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணுவேன். இவ்வளவும் முடிந்தால் கைதட்டலுக்கோ ஆரவாரத்துக்கோகூட நிற்பதில்லை, தோளை ஒரு உலுக்கு உலுக்கிக் கொம்பைச் சரிசெய்துகொண்டு அடுத்த இடத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அந்த நடையை நீங்கள் தவறவிடவே கூடாது. நிறையப் பேர் ஊர்த்தெருவில் ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு பப்புக்குள் போய்விடுகிறார்கள். நான் விடவில்லை. பின்னாலேயே போனேன். குறுகலான கிராமத்துப் பாதை, இரண்டு பக்கமும் ஆளுயர உயிர்வேலி, வேலி நிறையக் கறுத்துப் பழுத்த பிளாக்பெர்ரி, எங்கிருந்தோ சாண வாசனை, அறுத்த வயலில் மிச்சத் தாளின் வாசனை. அந்தப் பாதையில் வேலிக்கு மேலே கொம்புகள் மட்டும் நகர்ந்து போகின்றன! ஆள் தெரியவில்லை, வெள்ளைக் கொம்பும் பழுப்புக் கொம்புமாக ஆறு மட்டும் பச்சைக்கு மேலே மிதந்து போகிறது. வயலில் நின்ற பசுக்கள் மேய்வதை விட்டுவிட்டு வேலியோரம் வந்து வரிசை கட்டிப் பார்க்கின்றன. நான் நடுப்பாதையில் நின்று இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டேன். பின்னால் வந்த ஒரு பெரியம்மா சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். பண்ணை வீட்டு வாசலில் குடும்பமே காத்து நிற்கிறது, மேசையில் கேக்கும் பீரும். ஆட்டம் வந்து போன வீட்டுக்கு நல்லது என்று நம்பிக்கை. பிளாட் எழுதிய அந்தப் பழைய ஆட்டத்திலும் கேக்கும் பீரும் இருந்திருக்கிறது, யோசித்துப் பாருங்கள்!

மதியம் பிளித்ஃபீல்ட் ஹால். 14ஆம் நூற்றாண்டிலிருந்து பேகட் குடும்பத்தின் இருப்பிடம். ஊருக்கும் இந்த மாளிகைக்கும் நடுவே இப்போது ஒரு பெரிய நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது, 1953ல் திறந்தது. பழைய பண்ணை நிலங்களில் கொஞ்சம் அந்தத் தண்ணீருக்கடியில் போய்விட்டது. நிலம் போனாலும் ஆட்டம் போகவில்லை, அதே மாளிகைக்கு வந்துதான் தீரும். கற்சுவர்களுக்கு முன்னால் சீராக வெட்டிய புல்தரை, அதில் இந்த ஆறு கொம்பும் சுழல்வதைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் நிறைய வந்துவிடுகிறது. பேகட் குடும்பத்துக்கு ஓர் ஆட்டு இனமே உண்டு தெரியுமா? பேகட் ஆடு. தலையும் கழுத்தும் கறுப்பு, பின்பக்கம் முழுக்க வெள்ளை. இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் நல்ல வேட்டை கிடைத்த சந்தோஷத்தில் கொடுத்தது என்று கதை, மந்தை அழிந்தால் குடும்பமும் அழியும் என்று அதற்கொரு துணைக்கதை. ஊரில் ஒரு பப்புக்கே ‘கோட்ஸ் ஹெட்’, ஆட்டுத்தலை என்று பெயர்.

இங்கே உணவு இடைவேளையில் எனக்கு ஒரு பாக்கியம் கிடைத்தது. கொம்புகளைக் கொஞ்ச நேரம் சாய்த்து வைத்திருந்தார்கள். தொடவில்லை, ஒரு சாண் தூரத்தில் குனிந்து பார்த்தேன். தூரத்தில் பார்க்கும்போது கொம்பு மட்டும்தான் தெரியும், கிட்டே வந்தால்தான் அதன் அடியில் மரத்தில் செதுக்கிய ஒரு சின்ன மான்தலை இருப்பது தெரிகிறது. அந்தத் தலையின் கீழே பிடித்துக்கொள்ள ஒரு குட்டைக் கழி. வண்ணம் பூசிப் பூசி ஏடு ஏடாகத் தடித்திருக்கிறது. ஒரு இடத்தில் பெயர்ந்து அடியில் இன்னொரு நிறம் எட்டிப் பார்க்கிறது, அதற்கும் அடியில் வேறொன்று. கழியில் மட்டும் மரம் வழவழவென்று, உள்ளங்கை பட்டுப் பட்டு மினுங்குகிறது. அந்த மினுக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனை பேரின் வியர்வை அது! பக்கத்தில் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த கொம்புக்காரர் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டே சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். பாரம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது என்றார், அப்புறம் சிரித்தார். இந்த ஆட்டக்காரர்களில் பலர் வழிவழியாக ஆடும் குடும்பங்கள், அப்பா தோளிலிருந்து மகன் தோளுக்கு. வில்காரனாகச் சேரும் பையன் வளர்ந்து கொம்பு தூக்குகிறான்.

உடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபம் வரும் எனக்கு. முழங்கால் வரை வரும் பூப்போட்ட கால்சட்டை, நீளக் காலுறை, மேலே சட்டைக்கு மேல் ஓர் அங்கி, தலையில் தொப்பி. இது ரொம்பப் பழசில்லை, 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஊரில் தைத்துக் கொடுத்த உடையின் வழிவந்தது. அதற்கு முன்னால் அன்றாடச் சட்டையில் வண்ணத் துணியை ஒட்டுப்போட்டு ஆடியிருக்கிறார்கள். பெஞ்சமின் ஸ்டோன் என்ற பர்மிங்ஹாம்காரர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், 1900ஐ ஒட்டி எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. வரிசையாக நிற்கிறார்கள், அதே கொம்பு, அதே குதிரை, அதே கோமாளி. மீசை மட்டும்தான் வித்தியாசம்! ஒரு விஷயம் கவனியுங்கள். இந்தக் கொம்புகள் ஊர் எல்லையைத் தாண்டாது. வெளியூரில் ஆடக் கூப்பிட்டால் அதற்கென்று வேறு கொம்புகள் வைத்திருக்கிறார்கள், அவற்றைத்தான் எடுத்துப் போவார்கள். நிஜக் கொம்பைப் பார்க்க வேண்டுமா, நீ வா இங்கே! இந்தக் கர்வம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

ஏன் ஆடுகிறார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். வேட்டைக்குப் போகுமுன் செய்த சடங்கு என்பார் ஒருவர், வளமைச் சடங்கு என்பார் இன்னொருவர். பக்கத்திலிருந்த நீட்வுட் காட்டில் ஊராருக்கு இருந்த உரிமையை வருஷாவருஷம் ஆடி நிலைநாட்டினார்கள் என்று ஒரு விளக்கம். என் ஓட்டு அதற்குத்தான். மனு எழுதாமல், கோர்ட்டுக்குப் போகாமல், மான் கொம்பைத் தோளில் வைத்துக்கொண்டு பிரபுவின் வாசலிலேயே போய் ஆடிக் காட்டுவது, அடடா, அதைவிட அழகான உரிமைக் குரல் உண்டா?

குறை ஏதாவது சொல்லச் சொன்னால், பஸ் குறைவு, மாலையில் தெருவில் நெரிசல், மழை வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். போதும், நகருங்கள்.

ஏனென்றால் இனிமேல்தான் சாயங்காலம்! ஆட்டம் ஊருக்குள் திரும்பிவிட்டது. பொதுப் புல்வெளியில் ஆறு மூலையும் மரத்தூணுமாக நிற்கும் பட்டர் கிராஸ், ஒரு காலத்தில் வெண்ணெய் விற்ற மண்டபம், அதன் படியில் குழந்தைகள் ஏறி நிற்கிறார்கள். 1619ல் கட்டிய மரச்சட்ட வீட்டுச் சுவரில் சாய்ந்த வெயில் மஞ்சளாக விழுகிறது. கடைகள், பொரித்த வெங்காய வாசனை, சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த மோரிஸ் ஆட்டக்காரர்களின் கால்மணிச் சத்தம், பீர் குவளையோடு தெருவுக்கே வந்துவிட்ட பப் கூட்டம். திடீரென்று தெருக்கோடியில் மெலோடியன். கூட்டம் தானாகப் பிளந்து வழிவிடுகிறது, யாரும் சொல்லவில்லை, யாரும் தள்ளவில்லை, கம்பித் தடுப்பு இல்லை, அந்தப் பிளவுக்குள் அந்தப் பன்னிரண்டு பேரும் வருகிறார்கள், காலையிலிருந்து நடந்த கால்கள், முகமெல்லாம் சிவந்து, சட்டை வியர்வையில் ஒட்டி, ஆனால் நடையில் ஒரு சிறு மாற்றம்கூட இல்லை, அதே துள்ளு, அதே வளைவு, இப்போது என்னையும் தாண்டிக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் கொம்பு போகிறது, அதன் காற்று என் கன்னத்தில் படுகிறது, எதிர் அணி வருகிறது, கொம்பு தாழ்கிறது, குதிரை வாய் ‘டக்’, வில் ‘டக்’, என் பக்கத்தில் அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை ஒவ்வொரு ‘டக்’குக்கும் கைதட்டுகிறது, நானும் தட்டுகிறேன், எனக்குத் தெரியாத ஒரு தாத்தா என் முதுகில் தட்டுகிறார், இந்த ஊரில் எனக்கு ஒரு ஆளைத் தெரியாது, ஒரு உறவு கிடையாது, ஆனால் அந்த நிமிஷம் யாராவது வந்து நீயும் இந்த ஊர்தானே என்று கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்!

எட்டு மணியளவில் கொம்புகள் தேவாலயத்துக்குத் திரும்பும், இரவு ஜெபம் நடக்கும், மறுபடி சுவரில் ஏறும். நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். அப்புறம் வெளியே வந்து ஆட்டுத்தலை பப்பில் இடம் பிடித்து, பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரிடமும் அன்றைக்குப் பார்த்ததையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கும் ஆட்டத்தை ஒரு வெளியூர்க்காரன் சொல்லிக் கேட்க அவர்களுக்கும் சலிக்கவில்லை, அவர்கள் பங்குக்கு ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

போகிறவர்களுக்கு இரண்டே வார்த்தை. காலை ஆசீர்வாதத்தை விடாதீர்கள், அதற்காக முந்தின இரவே ரூஜ்லியிலோ அட்டாக்ஸிட்டரிலோ தங்கிவிடுங்கள். சேறு தாங்கும் ஷூ போட்டுக்கொண்டு பண்ணைகளுக்கும் கூடவே நடங்கள். மெய்ட் மேரியன் அகப்பையை நீட்டினால் தாராளமாகப் போடுங்கள். அடுத்த செப்டம்பர் காலண்டரில் நான் வட்டம் போட்டு வைத்தாயிற்று, வருகிறீர்களா?